பதினேழாம் எண் ஆஜர்

கல்லூரி வாசல் வளைவில் ‘கைப்படக் கற்போம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே மெக்கட்ரானிக்ஸ் ஆய்வகத்தின் கதவில் ‘எதையும் தொடாதீர்’ என்று எழுதியிருந்தது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தான் என்பது எழுத்தின் சுழியிலேயே தெரிந்தது. எழுதும்போது அந்த மனிதராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்கு என்ன அவசரமோ, கேட்கவில்லை.

நான் பதினான்கு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எங்கள் கம்பெனியில் திடீரென்று ஒரு விதி வந்தது. ‘இந்த லிஃப்டில் ஆள் ஏறலாம்’ என்று சோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட இனிமேல் டிப்ளமா வேண்டும். இல்லாதவர்கள், கையெழுத்துப் போடுகிறவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கலாம். படித்துவிட்டு வா என்று ஒரு வருஷம் விடுப்பும் தந்தார்கள். முப்பத்தெட்டு வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, ஆறாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் வாசல் வரை வந்து டாட்டா காட்டினாள். பெயில் மட்டும் ஆகிவிடாதீர்கள், இவள் முன்னால் மானம் போய்விடும் என்று என் மனைவி காதோடு சொல்லி அனுப்பினாள்.

ஆய்வகத்தில் எட்டு இயந்திரக் கைகள் இருந்தன. ஏழு கைகள் வந்திறங்கிய நாளில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே நின்றன. திறப்பு விழாவுக்கு வந்த விருந்தினர் உறையை எடுக்காமலேயே நாடாவை வெட்டிவிட்டாராம். பிறகு உறையை எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று முடிவாகவில்லை. எட்டாவது கைக்கு மட்டும் உறையில்லை. அது ஒரு கம்பிவலைக் கூண்டுக்குள் மூலையில் நின்றது. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

ஆய்வகத்தில் நம் சொந்தக் கையை உபயோகிக்கவும் விண்ணப்பம் எழுத வேண்டும். ‘கை உபயோக விண்ணப்பம்’ என்றே தலைப்பு. எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை விரல்கள் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். நான் ஒரு ஸ்க்ரூவைத் திருப்ப மூன்று விரல் என்று எழுதினேன். மூன்றாவது விரலின் பங்களிப்பை விளக்கவும் என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.

என் குழுவில் இருந்த பையனை எல்லோரும் இடக்கை என்றே கூப்பிட்டார்கள். விண்ணப்பத்தில் ‘வலது கை’ என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு அவன் ‘இடது’ என்று எழுதியிருந்தான். அடித்தல் திருத்தல் உள்ள விண்ணப்பம் செல்லாது. எனவே போன வருஷம் முழுக்க அவன் எதையும் தொடவில்லை. செய்முறைத் தேர்வில் பெயிலாகி, இந்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து தொடாமல் இருந்துகொண்டிருந்தான்.

ஆய்வகத்தின் சுவரில் ஒரு கரும்பலகை. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று தலைப்பு. நான் சேர்ந்த அன்று 1,012. தினமும் காலை ஆய்வக உதவியாளர் ஒருவர் ஸ்டூலில் ஏறி எண்ணை அழித்து ஒன்றைக் கூட்டி எழுதுவார். எந்நேரமும் கக்கத்தில் பதிவேடு இருந்ததால் அவருக்கு நோட்டு என்று பெயர். பலகைக்குப் பக்கத்தில் வருகைப்பதிவு பேனல். ஒவ்வொரு ஸ்டூலுக்கு அடியிலும் ஒரு சென்சார் உண்டு. உட்கார்ந்தால் பேனலில் நம் எண்ணுக்கு ஒரு பச்சை விளக்கு எரியும். கம்ப்யூட்டர் ‘ஆஜர்’ என்று எழுதிக்கொள்ளும். முன்பு படித்த மாணவர்களின் குழுத்திட்டமாம் அது.

என் எண் பதினாறு. இடக்கை பதினெட்டு. நடுவில் பதினேழாம் ஸ்டூல் காலியாக இருந்தது. முதல் நாள் நான் உட்கார்ந்ததும் பேனலில் பதினாறு எரிந்தது. கூடவே பதினேழும் எரிந்தது.

“யாருப்பா இங்க?” என்று இடக்கையைக் கேட்டேன்.

“அவங்க வந்துட்டாங்கண்ணே,” என்றான், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

புதுசாக வந்தவனைக் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மதியம் அறிவிப்புப் பலகையில் வருகை விவரம் ஒட்டியிருந்தது. என்னுடன் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் கணக்குத்தான். பதினேழாம் எண்ணுக்கு மட்டும் போன வருஷத்திலிருந்து கணக்கு இருந்தது: நூற்று நான்கு சதவீதம். அடிக்குறிப்பில், ‘விடுமுறை நாட்களிலும் வருகை தந்துள்ளார்’ என்று பாராட்டு.

துறைத்தலைவர் அன்று எங்களுக்கு வரவேற்புரை ஆற்றினார். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பார், நான்கும் சிவப்பு. பதினேழாம் எண் மாணவியைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு நாள் தாமதமில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு கருவியை உடைத்ததில்லை, குழுவில் யாரோடும் சண்டையில்லை. மற்ற மாணவர்களிடம் அவர் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான் என்று சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்ட விண்ணப்பம் வேண்டாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். விழாக்களுக்கு விலக்கு உண்டு என்றார் நோட்டு.

மறுநாள் நான் குனிந்து பதினேழாம் ஸ்டூலுக்கு அடியில் பார்த்தேன். பார்ப்பதற்கு விண்ணப்பம் இல்லை. சென்சாரை யாரோ கழற்றி எடுத்திருந்தார்கள். வேறு ஸ்டூலுக்கு வைத்திருப்பார்கள். வயர் மட்டும் மொட்டையாகத் தொங்கியது. அது சன்னல் விளிம்பு முழுக்க ஓடி பேனலுக்குப் போனது.

எங்கள் தொழிலில் இதை அநாதை வயர் என்போம். எதிலும் சேராமல் தொங்கும் வயருக்கு ஆன் என்றும் சொல்லத் தெரியாது, ஆஃப் என்றும் சொல்லத் தெரியாது. பக்கத்தில் ஆள் வந்தாலோ டியூப்லைட் போட்டாலோ, ஏதோ வந்துவிட்டது என்று அது பேனலுக்குச் சொல்லிவிடும். லிஃப்டில் இப்படி ஒரு வயர் இருந்தால் யாரும் அழைக்காத மாடியில் லிஃப்ட் போய் நின்று கதவைத் திறக்கும். குடியிருப்பவர்கள் பேய் என்பார்கள். நான் போய் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து வயரை எர்த்தில் கட்டிவிட்டு வருவேன். பேய் போய்விடும். இப்படி இருபது பேயையாவது ஓட்டியிருப்பேன்.

ஆகவே எனக்குப் பயமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நான் கொஞ்சம் சாய்ந்தால் விளக்கு எரியும், நகர்ந்தால் அணையும். என் உடம்புதான் அந்த வயருக்கு அவள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பையை அந்த ஸ்டூலில் வைக்க மனம் வரவில்லை. தாண்டிப் போகும்போது கொஞ்சம் ஒதுங்கிப் போனேன். ஒரு நாள் கணக்கு ஒன்று இடித்தபோது, என்னையறியாமல், “இது சரியாம்மா?” என்று அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டேன். விளக்கு எரிந்தது. 

குழுத்திட்டத்துக்கு மூன்று பேர் கட்டாயம். நானும் இடக்கையும் பதினேழும் ஆறாம் குழு. இயந்திரம் எனக்கு, மின்சாரம் அவனுக்கு, நிரல் எழுதுவது அவளுக்கு என்று நோட்டு பதிவேட்டில் எழுதிக்கொண்டார். மாதக் கடைசியில் சக உறுப்பினரை மதிப்பிடும் படிவம் வந்தது. பதினேழாம் எண்ணுக்கு நேரே ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். எதிர்மறை மதிப்பீட்டுக்கு ஆதாரம் இணைக்கவும் என்று சிவப்பு மையில் திரும்பியது. நிரல் பகுதிக்கு அந்த மாதம் அவளுக்குப் பத்துக்கு ஒன்பது. பிழையே இல்லையாம்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் இடக்கையை சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு இழுத்துப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவன் ரொம்ப நேரம் ஒரு சைக்கிளின் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

போன வருஷம் வெளியிலிருந்து அங்கீகாரக் குழு பார்வையிட வந்ததாம். எட்டாம் கையின் கூண்டுக் கதவில் ஒரு பூட்டு ஸ்விட்ச் உண்டு; கதவு திறந்தால் கை நின்றுவிடும். அந்தக் கதவின் கீல் ஆடிக்கொண்டிருந்ததால் கை சும்மா சும்மா நின்றது. விருந்தினர் முன்னால் இன்று மட்டும் நிற்கக் கூடாது என்றார் துறைத்தலைவர். ஸ்விட்சுக்குக் குறுக்கே ஒரு செம்புக் கம்பியைக் கட்டினார்கள். இப்போது கதவு திறந்தாலும் மூடினாலும் கைக்கு ஒன்றுதான். குழு வந்தது, பார்த்தது, பாராட்டிவிட்டுப் போனது. கம்பியைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை. குழு போன பிறகு மாணவர்கள் துடைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். கூண்டுக்குள் ஒரு ஸ்க்ரூ கிடப்பதைப் பார்த்து, பதினேழாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் கதவைத் திறந்து உள்ளே குனிந்தாள்.

“‘கதவைத் திறந்தா கை நிக்குமா’ன்னு மூணாவது பாடத்துல ஒரு கேள்விண்ணே. அவ அதுக்கு ஃபுல் மார்க்,” என்றான். “நிக்கும்னு நம்பித்தான் போனா.”

 கதவுப் பூட்டுக்குக் குறுக்கே வயர் போடுவது எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம். செய்தவன் எவனையும் நாங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை. மறுநாள் கம்பிவலை வழியாக எட்டிப் பார்த்தேன். கம்பி இன்னும் அங்கேயே இருந்தது. கழற்ற விண்ணப்பம் கொடுத்தால், கட்டியவர் யார் என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறதாம்.

நேரே துறைத்தலைவர் அறைக்குப் போனேன். கோபத்தில் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொல்லி, நிதானமாக விளக்கினார்.

“நீங்க தொழில்ல இருந்து வந்தவர், உங்களுக்குப் புரியும். வகுப்பு முடியறது நாலரை. அந்தச் சம்பவம் நாலு முப்பத்தஞ்சு. அதனால அது வகுப்புல நடக்கல. ஆனா வெளியேறும் பதிவேட்டுல அந்தப் பொண்ணு கைப்படக் கையெழுத்துப் போடல. அதனால வகுப்ப விட்டுப் போகவும் இல்ல. பேர எடுக்கணும்னா காரணம் எழுதணும். படிவத்துல மூணு காரணந்தான் இருக்கு. பட்டம் பெற்று, விருப்பத்தின் பேரில், ஒழுங்கு நடவடிக்கை. இதுல எதைப் போடச் சொல்றீங்க? நானும் மனுஷன்தான். ஒழுங்கு நடவடிக்கைன்னு போட எனக்கு மனசு வரல.”

அப்படிச் சொல்லும்போது அவர் குரல் உண்மையிலேயே இளகியது. பலகையில் உள்ள எண்ணைப் பற்றிக் கேட்டேன். அது துறையின் பெருமை, அதை ஒரு தனிநபர் விஷயத்துக்காக அழிக்க முடியாது என்றார். எழுந்து வரும்போது என் டிப்ளமா எந்த மாதம் தேவை என்று அக்கறையாக விசாரித்தார். நான் சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பு என் வாயைக் கட்டிப்போட்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து மாதம் நான் யாரிடமும் எதையும் பேசவில்லை. பதினேழாம் எண்ணுக்கு மதிப்பீட்டுப் படிவத்தில் பத்துக்குப் பத்து போட்டேன்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய் ஓர் அம்மா வருவார். ஐம்பது வயதிருக்கும். வெளியே நடைபாதையில் நின்று ஆய்வகத்தின் சன்னல் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உள்ளே பார்ப்பார். அவர் பார்ப்பது பேனலை. அவர் வந்து நின்றதும் பதினேழாம் விளக்கு பளிச்சென்று எரியும். கால் மணி நேரம் எரியும். அவர் போனதும் அணைந்துவிடும். அது பதினேழின் தாய் என்று இடக்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

ஏழாவது மாதம் அவர் என்னைக் கூப்பிட்டார். நீங்கள்தானே பக்கத்து ஸ்டூல் என்று கேட்டார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையாம், இருபத்திரண்டு வருஷம். கைப்பையைத் திறந்து ஒரு கட்டுக் கடிதத்தைக் காட்டினார். எல்லாம் கல்லூரியின் முத்திரை போட்டவை. ‘தங்கள் மகளின் வருகை திருப்திகரமாக உள்ளது.’ ‘தங்கள் மகளின் வருகை மிகவும் திருப்திகரமாக உள்ளது.’

“இறந்தவங்க பேருக்குக் கடிதம் வந்தா, அதுக்குன்னு எங்ககிட்ட ஒரு முத்திரை இருக்கு தம்பி. குத்தித் திருப்பி அனுப்பணும். ஊர்ல உள்ள எல்லாருக்கும் நான்தான் குத்தியிருக்கேன். இது என் பேருக்கு வருது. உயிரோட இருக்கிற என் பேருக்கு. இதுல எந்த முத்திரையக் குத்துறது?”

மகளைச் சாம்பலாக்கியது தன் கையால்தான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை என்றார். எப்படி நடந்தது என்று மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை. உடல்நலக் குறைவு என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மாதம் ஒரு கடிதம் வரும்போது, கிழிக்கப் போவாராம். சதவீதம் எல்லாம் போட்டிருக்கிறதே, ஒருவேளை என்று ஒரு நினைப்பு வந்து கை நின்றுவிடுமாம். அதைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறார். வந்து நின்றால் விளக்கும் எரிகிறது.

பிறகு என் முகத்தையே பார்த்துக் கேட்டார். “நீங்க இந்த வேலை தெரிஞ்சவராமே. அது ஏன் எரியுது?”

என் டிப்ளமாவுக்கு அப்போது எட்டு வாரம் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் மகள் வாசலில் நின்று டாட்டா காட்டுவது ஏனோ நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியைச் சொன்னேன், ஸ்க்ரூவைச் சொன்னேன், மூன்றாவது பாடத்தின் கேள்வியைச் சொன்னேன். கடைசியாக வயரைச் சொன்னேன். அது சன்னல் விளிம்பில் ஓடுகிறது, நீங்கள் கை ஊன்றும் இடத்துக்கு நேர் கீழே ஓடுகிறது, ஆள் பக்கத்தில் வந்தால் அது எரியும் என்றேன்.

அவர் தன் கைகளைச் சன்னல் விளிம்பிலிருந்து எடுத்தார். விளக்கு அணைந்தது. மறுபடி வைத்தார். எரிந்தது.

“அப்ப இத்தன நாள் எரிஞ்சது நான்தானா,” என்றார்.

 அவர் அழவில்லை. கைகளை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் எரியவிட்டுக்கொண்டு நின்றார். போகும்போது, இதை அணைக்க முடியுமா என்று கேட்டார். முடியும், பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு பொருள் போதும் என்றேன்.

இறுதித் திட்டங்களைக் காட்டும் நாள் வந்தது. அங்கீகாரக் குழுவின் மூன்று பேரும் மறுபடி வந்திருந்தார்கள். ஆய்வகத்தைக் கழுவி, ஏழு கைகளுக்கும் புது பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். பலகையில் 1,286. மேடையில் துறைத்தலைவர் ஒரு கேடயம் வைத்திருந்தார்: அதிக வருகைக்கான விருது. பதினேழாம் எண் வகுப்பில் இருப்பதால் அவர் சார்பில் அவரது தாயார் பெற்றுக்கொள்வார் என்று அறிவித்தார். அழைப்புக் கடிதத்தையும் அவரே அனுப்பியிருந்தார். இந்த மனிதர் கெட்டவர் என்றால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகத்தில் ஒரு விழா நடத்தும் மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த அம்மா கேடயத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். விளக்கு எரிந்தது.

ஆறாம் குழுவை அழைத்தார்கள். எங்கள் திட்டத்தின் தலைப்பு ‘பொய் சொல்லாத வருகைப்பதிவு’. ‘வருகைப்பதிவு’ என்ற சொல்லைப் பார்த்ததுமே துறைத்தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டிருந்தார். நான் அங்கீகாரக் குழுவினருக்கு விளக்கினேன்: எதிலும் சேராத வயர் ஆள் இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்லும், அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் சேர்த்துவிட்டால், ஆள் இருந்தால் இருக்கிறார் என்றும் இல்லாவிட்டால் இல்லை என்றும் சொல்லும். இரண்டு முனையிலும் கவ்வி வைத்த ரெசிஸ்டர் என் உள்ளங்கையில் இருந்தது. ஒரு முனையை நான் எர்த்தில் மாட்டினேன். இன்னொரு முனையை மாட்டக் குனிந்தபோது அந்த அம்மா என் தோளைத் தொட்டார்.

“நான் மாட்டலாமா?”

துறைத்தலைவர் எழுந்துவிட்டார். அந்தம்மா கை உபயோக விண்ணப்பம் கொடுக்கவில்லை என்றார். நோட்டு பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பெற்றோருக்கான விண்ணப்பம் இன்னும் அச்சிடப்படவில்லை என்றார். அவர்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா ஸ்டூலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, வயரைப் பிடித்து, கவ்வியை அழுத்தி மாட்டினார்.

பதினேழாம் விளக்கு அணைந்தது. அவர் வயருக்கு அருகிலேயே இருந்தார், கையை அதன் மேலேயே வைத்திருந்தார். விளக்கு எரியவில்லை.  நான் இருபது பேயை ஓட்டியவன் என்று பெருமையாகச் சொன்னேனே, அவ்வளவு வெறுமையை எந்த லிஃப்டிலும் நான் பார்த்ததில்லை.

வகுப்பு நேரத்தில் அந்த விளக்கு ஐந்து நிமிஷம் தொடர்ந்து எரியாமல் இருந்தது அதுவே முதல் தடவை; கம்ப்யூட்டர் ஒரு முறை கீச்சிட்டு ஒரு தாளை அச்சடித்துத் தள்ளியது. அங்கீகாரக் குழுவின் தலைவர் அதை எடுத்து உரக்கப் படித்தார். “எண் பதினேழு, பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அனுமதியின்றி வெளியேறினார்.” அவருக்கு ரொம்பத் திருப்தி. அமைப்பு உயிரோட்டமாக இருக்கிறது என்று பாராட்டினார். அனுமதியின்றி வெளியேறினால் அடுத்த நடவடிக்கை என்ன என்று ஆர்வமாகக் கேட்டார்.

துறைத்தலைவர் மாட்டிக்கொண்டார். ஆனால் விதி அவருக்கு மனப்பாடம். விருந்தினர் முன்னால் அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. ஒரு நாளுக்குள் பெற்றோருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். பெற்றோர் கைப்பட விளக்கம் எழுத வேண்டும். துறைத்தலைவர் அதை வகுப்பின் முன் தன் வாயால் படிக்க வேண்டும். வகுப்பு கை உயர்த்தி ஏற்றால் அது பதிவேட்டில் ஒட்டப்படும். சொல்லிவிட்டு, பெரும்பாலும் காய்ச்சல் என்றுதான் எழுதுவார்கள் என்று சிரித்தார். குழுத்தலைவர், அந்த நிகழ்ச்சியையும் இருந்து பார்க்க விரும்புவதாகச் சொன்னார்.

மூன்று நாள் கழித்து விளக்கம் வந்தது. துறைத்தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல், விதிப்படி உரக்கப் படித்தார்.

‘என் மகள் அனுமதியின்றி வகுப்பைவிட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அவள் போனது நீங்கள் எழுதியுள்ள தேதியில் இல்லை. போன வருஷம் இதே அங்கீகாரக் குழு வந்த அன்று, நாலு முப்பத்தைந்துக்குப் போனாள். எட்டாவது கையின் கதவுப் பூட்டில் செம்புக் கம்பி கட்டியிருந்தது. இன்னும் இருக்கிறது. கதவு திறந்தால் கை நிற்கும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். அவள் நல்ல மாணவி, நம்பினாள். இனிமேல் வகுப்புக்கு வர மாட்டாள். தயவுசெய்து அவள் பெயரை எடுத்துவிடுங்கள்.’

‘நம்பினாள்’ என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. ஆனால் பாதியில் நிறுத்த விதியில் இடமில்லை. முழுவதும் படித்தார். தாளைக் கீழே வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஏற்கிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார்.

முதலில் உயர்ந்தது ஓர் இடது கை. பிறகு என் கை. பிறகு வகுப்பு முழுவதும். யாரும் விண்ணப்பம் எழுதவில்லை. எத்தனை விரல் என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை. அங்கீகாரக் குழுவின் தலைவர் எழுந்து போய் கூண்டுக்குள் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் எதையும் பாராட்டவில்லை. நோட்டு, தாளைப் பதிவேட்டில் ஒட்டினார். ஒட்டிவிட்டு ஸ்டூலில் ஏறி, 1,289-ஐ அழித்தார். பூஜ்ஜியம் போட்டுவிட்டு, கீழே இறங்காமல் சுவரைப் பார்த்தபடியே நின்றார். “அந்தக் கம்பியக் கட்டினது நான்தான். துறைத்தலைவர் சொன்னார், நான் கட்டினேன்,” என்று சுவரிடம் சொன்னார்.

நான் பெயிலானேன். ஆறாம் குழுவில் மூன்றாவது உறுப்பினர் இல்லாததால் திட்டம் செல்லாது. காரணத்தைப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. இடக்கைக்கும் அதே முடிவு. இனி அவனுக்கு மூன்றாவது வருஷம். வீட்டில் என் மகளிடம் நானே சொன்னேன். ஏன்ப்பா என்று கேட்டாள். இல்லாத ஒருத்தரை இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என் மனைவி எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். இப்போது நான் கையெழுத்துப் போடுகிறவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன். அவர் நல்லவர்தான், என்னைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அந்த அம்மா.

“இந்த மாசம் கடிதம் வரல தம்பி,” என்றார்.

நல்லதும்மா என்றேன். அவர் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ முத்திரை குத்திக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“மூட்டைய ரெண்டு தடவ பிரிச்சுப் பாத்தேன்,” என்றார்.